இரண்டு சாம்பல் நிறங்கள்

அந்த அம்மாள் பிழைத்துவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் படிக்கிறவர்களின் கவனம் ஐ.சி.யூ. வாசலை விட்டு நகராது. நான் சொல்ல வந்தது ஒரு கணினித் திரையைப் பற்றி, அதன் முன்னால் உட்கார்ந்திருந்த எங்களைப் பற்றி.

எங்களுடையது ரத்தப் பரிசோதனை நிலையம். கீழ்த்தளத்தில் ரத்தம் எடுப்பார்கள். நடுத்தளத்தில் இயந்திரங்கள். மேல்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மூன்று பேர் உட்கார்ந்து முடிவுகளைத் தட்டி அறிக்கையாக்குவோம். ஸ்பிரிட் வாசனையும் கழுவாத காப்பிக் கோப்பையின் புளிப்பும் அந்த அறையை விட்டுப் போனதே இல்லை. கீபோர்டுகளின் இடுக்கில் பிஸ்கட் தூள். மவுஸைப் பிடித்தால் முந்தைய ஷிஃப்ட்டில் இருந்தவரின் கைப்பிசுக்கு ஒட்டும். யாரும் துடைப்பதில்லை, நானும்தான்.

எனக்கு இடது பக்கம் டீச்சர். அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. அடுத்தவர் திரையில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் எட்டி விரலை வைத்துவிடுவார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பதினாறு வருடமாக அதே நாற்காலி. அவர் மேசையில் மட்டும் தூசி இருக்காது.

கணினிகள் எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அதைப் போட்டுக் கொடுத்தவர் டாக்டரின் மனைவியுடைய தம்பி. டாக்டர்தான் நிலையத்தின் முதலாளி, அறிக்கையில் விழும் கையெழுத்தும் அவருடையதே. முதலாளியின் மச்சினனை மச்சினன் என்று கூப்பிட முடியாது. சார் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்களுக்குள் 'மச்சினர்' என்று வைத்துக்கொண்டோம்.

மச்சினருக்கு வேலை தெரியாது என்று சொன்னால் அது பொய். அவர் வந்த பிறகு சர்வர் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அவருக்கு இருந்த வியாதி அழகு. திரையின் நிறம், மூலைகளின் வளைவு, எழுத்தின் மெலிவு இவற்றை மாற்றி மாற்றித் தன் கையால் தீம் செய்வார். செய்ததைப் படமெடுத்து இணையத்தில் அவரைப் போன்றவர்கள் கூடும் மன்றத்தில் போடுவார். அங்கே விழும் இதயங்களை மதியச் சாப்பாட்டின்போது எங்களுக்குக் காட்டுவார்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் கணினியைத் திறந்தபோது எல்லாத் திரையும் மாறியிருந்தது. தீமுக்கு 'அந்தி' என்று பெயர் வைத்திருந்தார்.

எங்கள் மென்பொருளில் ஒரு நோயாளிக்கு ஒரு டேப். திரையின் உச்சியில், அடுக்கி வைத்த ஃபைல்களின் காதுகளைப் போல வரிசையாக நிற்கும். காதில் சாம்பிள் எண் மட்டும் இருக்கும். எந்தக் காதைத் தொடுகிறோமோ அந்த நோயாளியின் படிவம் கீழே விரியும். பழைய தீமில் திறந்திருக்கும் டேப் பளிச்சென்று வெள்ளையாக, தடித்த எழுத்தில், அடியில் ஒரு நீலக்கோட்டோடு இருக்கும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் எது திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்தியில் எல்லா டேப்பும் சாம்பல். திறந்திருப்பது ஒரு சாம்பல், மற்றவை வேறொரு சாம்பல். இரண்டுக்கும் இருந்த வித்தியாசம், துவைத்த சாம்பல் சட்டைக்கும் ஒரு நாள் போட்ட சாம்பல் சட்டைக்கும் இருப்பது. கோடு இல்லை, தடித்த எழுத்து இல்லை. அதெல்லாம் 'கூச்சல்' என்றார் மச்சினர். படிவத்தின் தலைப்பில் நோயாளியின் பெயரைக் காட்டிக்கொண்டிருந்த பட்டையையும் இடத்தை அடைக்கிறது என்று தூக்கிவிட்டார். இனி பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் படிவத்தை மேலே உருட்ட வேண்டும். ஆபத்தான அளவு வந்தால் சிவப்பாக எரியும் கட்டம், கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று, செங்கல்பொடி நிறத்துக்கு வந்திருந்தது.

அவர் மன்றத்தில் போட்ட படத்தைப் பார்த்தேன். பின்னணியில் பனிமூடிய மலை. முன்னால் பத்து டேப், எல்லாம் வெற்றுப் படிவங்கள். அந்தப் படத்தில் யாரும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் இதயம் விழுந்திருந்தது. அதில் ஒன்று நான் போட்டது. டாக்டரின் மச்சினர், ஒரு இதயம்தானே, போட்டால் குறைந்தா போய்விடுவோம் என்று நினைத்தேன்.

டீச்சர் மட்டும் முதல் வாரமே கேட்டார். "எது திறந்திருக்குன்னே தெரியலையேப்பா."

"பழகிடும் டீச்சர். கண்ணு பழசு, தீம் புதுசு," என்றார் மச்சினர். அறையே சிரித்தது.

சிரித்தவர்களில் நான் சத்தமாகச் சிரித்தேன். அந்த வாரமே எனக்கும் அதே சிக்கல் வந்திருந்தது. ஒரு நாள் மதியம், இரண்டு டேப் மட்டும் மிச்சம் இருந்தபோது, ஒருவருடைய சர்க்கரை அளவை இன்னொருவர் படிவத்தில் போட இருந்தேன். கடைசி நொடியில் உருட்டிப் பார்த்துத் தப்பித்தேன். யோசித்தபோது காரணம் புரிந்தது. டேப்புகள் மூன்றோ நான்கோ இருந்தால், எது மற்றவற்றைப் போல இல்லாமல் தனியாக இருக்கிறதோ அதுதான் திறந்திருப்பது. கண் அதைத் தானாகப் பிடித்துவிடும். இரண்டே இருந்தால் ஒன்று ஒரு சாம்பல், இன்னொன்று இன்னொரு சாம்பல். எது எதைவிடத் தனி? வெளிறியது திறந்ததா, கறுத்தது திறந்ததா? மனப்பாடம் செய்து வைத்தால்தான் உண்டு. அன்றிலிருந்து நான் எப்போதும் ஒரு வெற்று டேப்பைத் திறந்தே வைத்திருப்பேன். அதில் எதுவும் தட்டமாட்டேன், எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். இந்தத் தந்திரத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மச்சினரின் தீமில் குற்றம் சொன்னதாக ஆகும். நமக்கெதற்கு வம்பு.

என் வலது பக்கத்தில் உட்காருகிறவன் டேப்பே மூடமாட்டான். மத்தியானத்துக்குள் முப்பது டேப் நிற்கும், அந்தக் குப்பையே அவனைக் காப்பாற்றியது. டீச்சர் வேலை முடிந்த டேப்பை உடனே மூடுகிறவர். ஷிஃப்ட் முடியப் போகிற நேரத்தில் அவர் திரையில் எப்போதும் இரண்டோ ஒன்றோதான் இருக்கும்.

அந்த நாள் மதியம் ஒன்றே முக்காலுக்கு அவரிடம் இரண்டு இருந்தன. 212, ஐம்பத்தெட்டு வயது அம்மாள், சிறுநீரகக் கோளாறு. 240, வேலையில் சேரச் சான்றிதழுக்காக வந்த இளைஞன். இருவருக்கும் பொட்டாசியம் மட்டும் பாக்கி. டீச்சர் 212-ஐத் திறந்து கீழே உருட்டி வைத்திருந்தார். போன் வந்தது. எடுப்பதற்கு முன் ஏதோ சரிபார்க்க 240-க்குப் போயிருக்கிறார். இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால் இரண்டு படிவமும் ஒரே அச்சு, இரண்டிலும் ஒரே கட்டம் காலி. மேலே பார்த்தார். வெளிறிய டேப் 212. வெளிச்சமாக இருப்பது முன்னால் இருப்பது என்று எந்தக் கண்ணும் நினைக்கும். அந்தியில் கறுத்திருப்பதுதான் திறந்தது. அம்மாளின் 6.8-ஐத் தட்டினார். அது இளைஞனுக்குப் போனது. மேலே பார்க்காமல், கீபோர்டிலேயே அடுத்த டேப்புக்குத் தாவி இளைஞனின் 4.1-ஐத் தட்டினார். அம்மாளுக்கு எல்லாம் நலம் என்று அறிக்கை போனது. டாக்டர் பதினான்கு அறிக்கைகளுக்கு ஒரே பொத்தானில் ஒப்புதல் கொடுத்தார். எந்த அறிக்கையையும் அவர் திறந்து பார்க்கவில்லை.

பொட்டாசியம் ஆறைத் தாண்டினால் இதயம் நின்றுபோகலாம், நோயாளிக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்பது விதி. கீழே ரத்தம் எடுக்கும் ஊசி அண்ணன் செய்தார், இளைஞனுக்கு.

"தம்பி, உடனே கிளம்பி வாங்க. ரத்தத்துல ஒரு உப்பு கூடிப்போச்சு. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"அண்ணே, நான் ஜிம்முல தண்டால் எடுத்துட்டு இருக்கேன். எண்பதாவது. நாளைக்கு வரேன்."

மறுநாள் வந்தான். மறுபடி எடுத்ததில் 4.0. அப்போதுதான் எண்கள் இடம் மாறியது எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த அம்மாள் குளியலறையில் விழுந்து, பக்கத்து வீட்டார் கதவை உடைத்துத் தூக்கிப் போயிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அவருடைய மகன் வந்தார். பஸ் டிரைவர். சீருடையிலேயே வந்திருந்தார். கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்து டாக்டரின் அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். அவர் கத்தவில்லை.

"எங்கம்மா இப்ப கண்ணு முழிச்சுப் பேசுறாங்க. நான் சண்டை போட வரல. யாரு, எப்படி, ஏன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. ரெண்டு மணிக்கு எனக்கு டியூட்டி. அதுவரைக்கும் கீழ பெஞ்சுல இருக்கேன்."

பன்னிரண்டு மணிக்கு டாக்டரின் அறையில் கூடினோம். டாக்டர், மச்சினர், டீச்சர், ஊசி அண்ணன், நான். ஏசி குளிரில் லாவண்டர் வாசனை. டாக்டர் மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. டீச்சர் எழுதியதைப் போல அச்சடித்தது. 'என்னுடைய கவனக்குறைவு ஒன்றினால் மட்டுமே இத்தவறு நேர்ந்தது' என்று தொடங்கியது. கவனக்குறைவு என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது, நிலையம் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

"நாம எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி டீச்சர்," என்றார் டாக்டர். "ஒரு கையெழுத்து. ஒரு மூணு மாசம் வீட்ல ரெஸ்ட் எடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிதம் வெளியே போன பிறகு ஊரில் எந்தப் பரிசோதனை நிலையமும் அவரை வாசலில்கூட நிற்க விடாது. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்று.

"தப்பு என் கையாலதான் நடந்துச்சு. இல்லைன்னு சொல்லல," என்றார் டீச்சர். "ஆனா எந்த டேப்பு திறந்திருக்குன்னு திரை சொல்லலையே சார்."

மச்சினர் இதற்குக் காத்திருந்தவர் போல லேப்டாப்பைத் திருப்பினார். ஏழு டேப் திறந்தார். "அண்ணே, நீங்க டைப் பண்றவர் இல்ல. சொல்லுங்க, இதுல எது திறந்திருக்கு?"

ஊசி அண்ணன் குனிந்து பார்த்தார். "இது. அஞ்சாவது."

"இப்ப?"

"ரெண்டாவது."

"பாத்தீங்களா மாமா? ஊசி போடுறவருக்கே தெரியுது."

ஊசி அண்ணன் முகம் சுருங்கியது. ஊசி போடுறவருக்கே என்பதில் இருந்த 'ஏ' அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அன்னிக்கு ரெண்டுதான் இருந்துச்சு," என்றார் டீச்சர்.

மச்சினர் சிரித்தார். கேலிச் சிரிப்புக்கூட இல்லை, குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற சிரிப்பு. "டீச்சர், ஏழுல கண்டுபிடிக்கிறதுக்கும் ரெண்டுல கண்டுபிடிக்கிறதுக்கும் எது ஈஸி? ரெண்டுன்னா இன்னும் ஈஸிதானே!"

டாக்டர் தலையாட்டினார். ஊசி அண்ணனும் தலையாட்டினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தவறு என்று தெரிந்த ஒரே ஆள் நான், கதவோரம் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டார்.

"என் கண்ணாடி மேல இருக்கு. படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். துணைக்குப் போ என்று டாக்டர் எனக்குக் கண்ணைக் காட்டினார். துணை என்றால் காவல்.

மேலே அவருடைய கணினியில் அதற்குள் வேறு யாரையோ உட்கார வைத்திருந்தார்கள். டீச்சர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு என் நாற்காலியில் அமர்ந்தார். கடிதத்தைப் படிக்காமல் என் திரையையே பார்த்தார். இரண்டு எண்கள், மூன்றாவதாக எண் இல்லாத ஒரு டேப். பிழை தேடிப் பழகிய கண்.

"இது எதுக்கு?"

"சும்மா."

"சும்மா ஒண்ணும் நீ வைக்க மாட்டே. போன வாரமும் பாத்தேன், மூட மறந்துட்டேன்னு நினைச்சேன்." கையை நீட்டி அதை மூடினார். இரண்டு மிஞ்சின. திரையைப் பார்த்தார். முகத்தைச் சற்று பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். மறுபடி ஒரு வெற்று டேப்பைத் திறந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமா."

"பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மவுஸைத் தொட்ட விரல்களைப் புடவை ஓரத்தில் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். என் மேலேயே எனக்கு ஒரு நாற்றம் அடித்தது.

"கீழ வந்து காட்டு," என்றார்.

டாக்டரின் கணினியிலும் அந்திதான். நான்கு டேப் திறந்து, இரண்டை மூடி, திரையை என் பக்கம் திருப்பிச் சில முறை மாற்றி, மறுபடி அவர்கள் பக்கம் திருப்பினேன். படிவங்கள் இரண்டும் காலி.

"டாக்டர், இப்ப எது திறந்திருக்கு?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "இது... இல்ல, இரு. இடது பக்கம்."

"வலது பக்கம் டாக்டர்."

"அய்யோ மாமா, லைட்டா இருக்கிறதுதான் ஓப்பன்," என்று மச்சினர் குறுக்கே பாய்ந்தார். "வலது பக்கம்தான் லைட்டா இருக்கு, தெரியல?"

"வலது பக்கம் டார்க்கா இருக்கு," என்றார் டீச்சர்.

மச்சினர் உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "வீட்ல இருக்கிறது புது வெர்ஷன். அதுல நிறத்தை மாத்திப் போட்டுட்டேன். இங்க பழசு. அதான் ஒரு கன்ஃப்யூஷன்."

செய்தவருக்கே தெரியவில்லை. இனி அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். இத்தனை வயதாகியும் அப்படி நம்பினேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சரி, நீ மட்டும் எப்படி மாட்டாம இருந்தே?"

மூன்றாவது டேப்பைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. "அட, அப்போ வழி இருந்திருக்கே!" என்று மேசையைத் தட்டி மச்சினர் பக்கம் திரும்பினார். "டேய், டைப் பண்ணு. எல்லா ஊழியர்களும் எந்நேரமும் குறைஞ்சது மூணு டேப் திறந்து வெச்சிருக்கணும். மீறினா பொறுப்பு அவங்களோடது."

"தேதி மாமா?"

"தீம் போட்ட தேதி."

முதலில் எனக்குப் புரியவில்லை. அச்சு இயந்திரம் பழைய தேதி போட்ட சுற்றறிக்கை, அதைச் சேர்த்துத் திருத்திய டீச்சரின் கடிதம் என்று இரண்டு தாளைத் துப்பியபோது புரிந்தது. ஐந்து மாதத்துக்கு முன்பே விதி இருந்தது, டீச்சர் மீறினார் என்று ஆகிவிட்டது. அவரைக் காப்பாற்ற என்று நான் வாயைத் திறந்து கொடுத்ததைக் கொண்டே அவர் கழுத்துக்குக் கச்சிதமாக ஒரு சுருக்கு முடிந்துவிட்டார்கள்.

"தீமையே மாத்திட்டா என்ன சார்?" என்று கேட்டார் ஊசி அண்ணன்.

"பதினோரு கம்ப்யூட்டர்ண்ணே," என்றார் மச்சினர். "அதோட அந்தி போட்டியில இருக்கு. இந்த வாரம்தான் ஓட்டு. ஒரு நிஜ ஆபீஸ்ல ஓடுதுன்னு போட்டிருக்கேன். இப்ப எடுத்தா எப்படி?"

டாக்டர் கடிதத்தை என் பக்கம் நகர்த்தி, தன் பேனாவையும் மேலே வைத்தார். "சாட்சியா நீ போடு. கண்டுபிடிச்சவனே நீதானே. சுற்றறிக்கையில உன் பேரையும் சேத்துடலாம்." பாராட்டுகிற குரல். நான் பேனாவை எடுத்தேன். மூடியையும் கழற்றினேன். அதை இங்கே மறைப்பதில் பயனில்லை, நான்கு பேர் பார்த்தார்கள்.

டீச்சர் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். அச்சு இயந்திரத்தின் தட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, டாக்டரின் மேசை ஓரத்திலேயே குனிந்து நின்று எழுதினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நடுவில் டாக்டர் இரண்டு முறை "என்ன டீச்சர் இது" என்றார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

"பிழை இருந்தா சொல்லு."

பிழை இல்லை. அறிக்கை எழுதுகிற கையெழுத்தில், எண் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். உங்கள் தாயாரின் பொட்டாசியம் 6.8. அதை வேறொருவர் படிவத்தில் தட்டியது நான். பெயரை உருட்டிப் பார்க்காமல் தட்டியது என் தவறு. திறந்த படிவம் எது என்று திரையில் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் ஐந்து மாதத்துக்கு முன் சொன்னேன், சிரித்தார்கள், அதன் பிறகு வற்புறுத்தாமல் விட்டதும் என் தவறு. ஒப்புதல் அளித்தவர் அறிக்கையைத் திறந்து பார்க்கவில்லை. என் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. தனக்கு மட்டும் ஒரு வழி செய்துகொண்டு பேசாமல் இருந்தார்.

"சாட்சிக் கையெழுத்து போடத்தானே பேனா எடுத்தே," என்றார். "போடு."

போட்டேன். என் பெயரை இவ்வளவு அருவருப்போடு எழுதியது அதுதான் முதல் தடவை.

"இது வெளிய போனா நிலையத்தையே மூட வேண்டியதுதான்," என்றார் டாக்டர். குடும்பம் குரலில் இருந்து காணாமல் போயிருந்தது. "உங்களுக்கு வேலையும் இல்ல, சர்டிஃபிகேட்டும் இல்ல. யோசிச்சுக்கோங்க."

"ரெண்டுமே அந்த இன்னொரு கடிதத்துலயும் இல்லையே சார்," என்றார் டீச்சர். பேனாவை மூடி மேசையில் வைத்தார். மச்சினர் கதவுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். ஊசி அண்ணன் மச்சினரின் தோளில் கை வைத்தார். ஊசி குத்துவதற்கு முன் குழந்தைகளை நகர்த்துகிற அதே பதமான கை. "தம்பி, கொஞ்சம் தள்ளுங்க. கீழ எனக்கு ஆளுங்க காத்திருக்காங்க." மச்சினர் தள்ளினார்.

மூவரும் படி இறங்கினோம். டிரைவர் பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி ஒன்று இருபது. டீச்சர் கடிதத்தைக் கொடுத்து, "தட்டினது நான்தாங்க," என்றார். டிரைவர் நின்றபடி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார். சில வரிகளை இரண்டு முறை படித்தார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பக்கத்து நாற்காலின்னு எழுதியிருக்கே, யாரு அது?"

"நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். காலில் மிதித்ததைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். கேட்டது வேறு.

"மேல இப்பவும் அதேதான் ஓடுதா?"

"ஆமா."

"இன்னிக்கு எத்தனை பேருக்கு ரிப்போர்ட் போச்சு?"

"நூத்திப் பத்து இருக்கும். இன்னும் போயிட்டு இருக்கு."

பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஊசி அண்ணனின் நாற்காலியில் ஒரு பெண் சட்டைக் கையை மடித்து நீட்டியிருந்தார். ஊசி அண்ணன் பழக்கத்தில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியைப் பெஞ்சில் வைத்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம் இருங்க," என்றார் அந்தப் பெண்ணிடம். கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, முதல் வரியிலிருந்து, அறை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

ஊசி அண்ணன் ரப்பர் பட்டையை அவிழ்த்துவிட்டார்.